விதைக்கு விட்ட இரண்டு தண்டு

பள்ளித் தோட்டம் அமைப்பது குறித்து உங்கள் செய்திமடலுக்கு எழுதித் தருமாறு கேட்டிருந்தீர்கள். பாத்தியின் நீள அகலம், எருவின் அளவு, பூச்சிக்கு எதைத் தெளிப்பது என்பனவெல்லாம் கல்வித் துறையின் கையேட்டில் இருக்கின்றன. அக்கையேட்டைத் தொகுத்தவர்களுள் நானும் ஒருவன். ஆகவே அதைத் திரும்ப எழுத விரும்பவில்லை. அதில் இடம்பெறாமற் போன ஒரு தவற்றை மட்டும் சொல்கிறேன். அது என்னுடைய தவறு. பணிக்காலத்தில் இதனினும் பெரிய தவறுகளைச் செய்து, அவற்றை நானே கண்டு திருத்தியிருக்கிறேன். இதை மட்டும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் திருத்தினார்கள்.

அறுபதுகளின் கடைசியில், கோம்பைக்கும் பண்ணைப்புரத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரின் நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகச் சென்றேன். தாவரவியலில் முதுகலைப் பட்டம் பெற்றிருந்தேன். எந்தச் செடிக்கும் இலத்தீன் பெயர் சொல்லக்கூடியவனாக இருந்தேன். பள்ளிக்குப் பின்புறம், கிணற்றை ஒட்டி, மலை தெரிகிற பக்கமாக ஒரு துண்டு நிலம் வெறுமனே கிடந்தது. ஆனி மாதம் பள்ளி திறந்ததும் அதைப் பதினான்கு பாத்திகளாக்கி, ஆறாம் வகுப்பின் பதினான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தேன். எதை எங்கே நடுவது என்பதை அவர்களே திட்டமிட்டு வரவேண்டும் என்றேன். அக்காலத்தில் அது புதுமையான முறை. அதில் எனக்குச் சற்றுப் பெருமிதமும் இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் பிள்ளைகள் திட்டத்தோடு வந்தார்கள். தாளில் அல்ல, மைதானத்து மண்ணில் குச்சியால் வரைந்திருந்தார்கள். மாயன் என்ற பையன் குச்சியை நீட்டி ஒவ்வொரு பாத்தியாகச் சொல்லிக்கொண்டு போனான். காற்று எந்தப் பக்கமிருந்து வரும், எந்தச் செடி எதற்கு மறைப்பாக நிற்கும், கிணற்றிலிருந்து குடம் சுமந்து வருகிற வழி எது என்றெல்லாம் யோசித்திருந்தார்கள். வெண்டை, கொத்தவரை, கத்தரி, மிளகாய். மூன்றாம் பாத்தி பேச்சியம்மாள் என்ற சிறுமியுடையது. அங்கே குச்சியை ஊன்றி, "இது பேச்சி பாத்தி. தொவர" என்றான்.

"துவரையா? அது அறுவடைக்கு வரத் தை மாதமாகுமே?" என்றேன்.

"அதேன் சார் வேணும்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது. துடுக்குத்தனம் என்று எண்ணினேன்.

"ஏன்?" என்று கேட்டேன். அந்த 'ஏன்' என்பதை நான் எப்படிக் கேட்டேன் என்பது இன்றும் நினைவிருக்கிறது. பதிலுக்கு இடம் விடாமல் கேட்டேன். ஆடிக் கடைசியில் மாவட்டத்திலிருந்து கல்வி அதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. அவர் வரும்போது தோட்டத்தில் அறுத்துக் காட்ட ஏதேனும் இருக்கவேண்டும் என்பதே என் எண்ணம். செருப்பின் நுனியால் துவரையை அழித்துவிட்டு, "மூன்றாம் பாத்தியில் தண்டுக்கீரை. ஒரு மாதத்தில் பலன் கிடைக்கும்" என்றேன்.

மாயன் வாயைத் திறந்தான். பேச்சி அவன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். பிறகு தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, தண்டுக்கீரை என்று எழுதிக்கொண்டாள்.

பிள்ளைகளிடம் திட்டத்தை ஒப்படைத்ததாக நான் பதிவேட்டில் எழுதிய நாள் அதுவே.

கீரை நன்றாக முளைத்தது. மூன்றாம் பாத்தியின் மண் அந்த நிலத்திலேயே நல்ல மண். ஆனால் பேச்சியின் போக்கு எனக்கு விளங்கவில்லை. ஆளுக்கு இரண்டு குடம் தண்ணீர் என்பது விதி. அவள் தன் இரண்டு குடத்தையும் அடுத்த பாத்தி மிளகாய்க்கு ஊற்றினாள். மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் அழைத்துக் கண்டித்தேன்.

"உன் பாத்தி வாடுவது தெரியவில்லையா?"

"தெரியிது சார்."

"பிறகு?"

"மொளகாய்க்குத் தண்ணி பத்தல சார்."

பிறருக்கு உதவுவது நல்லதே, ஆனால் தன் கடமையை விட்டுவிட்டுச் செய்யலாகாது என்று ஒரு சிறிய சொற்பொழிவு செய்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அன்று முதல் மூன்றாம் பாத்திக்கு நானே முன்னின்று தண்ணீர் விடச் செய்தேன். கீரை முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று எழுந்தது. வளர வேண்டாம் என்று ஒரு பிள்ளை ஒரு பயிரைக் கெஞ்சிக்கொண்டிருந்ததை, தாவரவியல் படித்த நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதிகாரி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அவர் முன்னிலையிலேயே கீரையை அறுத்தார்கள். ஒரு கட்டு அவருக்கு, ஒரு கட்டு எனக்கு, மீதி பிள்ளைகளுக்கு. பாத்தி சுத்தமாயிற்று. ஆனால் அதன் மூலையில் ஒரு பஞ்சாரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கோழியையும் குஞ்சுகளையும் மூடி வைக்கிற மூங்கில் கூடைதான். காலையில் நான் பார்த்தபோது அது அங்கில்லை.

அதிகாரி அதைக் கவனித்தார். "அது என்ன?"

"அடக்கோழி சார்" என்றான் மாயன், சற்றும் தயங்காமல்.

"பள்ளிக்கூடத்திலா?"

"சார் வீட்டுக் கோழி சார். தெறந்தா கொத்தும்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். அவர் பெருந்தன்மையோடு அடுத்த பாத்திக்கு நகர்ந்தார். அவர் பின்னால் நடக்கையில், அந்தக் கூடை கொக்கரிக்காமல் இருக்கவேண்டுமே என்று நினைத்தேன். அதனுள் கோழி இருப்பதாக நானே ஒரு கணம் நம்பிவிட்டேன் போலும்.

அவர் சென்றபின் பஞ்சாரத்தைத் தூக்கினேன். இரண்டு கீரைத்தண்டுகள் வெட்டப்படாமல் நின்றன. என் கட்டளையை மீறியிருக்கிறார்கள். அதிகாரியிடம் பொய்யும் சொல்லியிருக்கிறார்கள். "திங்கட்கிழமை காலை நான் வருவதற்குள் இவை பிடுங்கப்பட்டிருக்க வேண்டும்" என்றேன். மாயன் "சரி சார்" என்றான்.  பேச்சி கீரைக் கட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் கோழிக் கதையைச் சொன்னேன். அவர் வீரபாண்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"நம்ம வீட்டுக் கோழின்னா முட்டையெல்லாம் யாரு திங்கிறாகளாம்?" என்று சிரித்தார். பிறகு கையை நிறுத்தினார். "ரெண்டு தண்டு விட்டிருந்தா வெதைக்குத்தேன் விட்டிருக்கும். அத எதுக்கு மூடி வைக்கணும்? கேட்டீகளா?"

"கேட்கவில்லை."

"பிடுங்கச் சொல்லிட்டு வந்துட்டீகளாக்கும்."

 அவர் மறுபடி கீரையை ஆயத் தொடங்கினார். அன்றைய குழம்பு மிக நன்றாக இருந்தது என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

திங்கட்கிழமை பேச்சி வரவில்லை. வருகைப் பதிவை முடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். பஞ்சாரம் அப்படியே கவிழ்ந்திருந்தது. மாயனை அழைத்தேன்.

"பிடுங்கச் சொன்னேனே?"

"சொன்னீக சார்."

"பிறகு?"

"இப்பப் பிடுங்கட்டுமா சார்?"

அவன் கேட்டதில் கேலி இருந்தது. அதற்கடியில் வேறொன்றும் இருந்தது. நான் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தேன். நின்றபடி அவனிடம் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறேன். உட்கார்ந்து கேட்டது அதுவே முதல் தடவை.

"பேச்சி எங்கே?"

அவன் சொன்னான். பேச்சியின் பெரியப்பா மலைமேல் ஏலத் தோட்டத்தில் கங்காணி. ஏலக்காய் பறிக்க ஆள் சேர்த்துக் கொண்டுபோகிறவர். நான் பாத்தி பிரித்துக் கொடுத்த அன்று மாலையே பேச்சியைக் கூட்டிப்போக வந்துவிட்டார். அவளுடைய தந்தை சுருளியாண்டி அண்ணன் சொல்லைத் தட்டாதவர். ஆனால் அன்று மட்டும் ஒரு வார்த்தை சொன்னாராம்.

"'புள்ளைக்குப் பாத்தி குடுத்துட்டாகளாம்ண்ணே. நிக்கிற வெள்ளாமய விட்டுட்டுப் போகக் கூடாது. வெள்ளாம முடியவும் அனுப்புறேன்'னு சொன்னாக சார். பெரியப்பாவும் சரின்னுட்டாக. அதேன் நாங்க தொவர போட்டோம். தை வரைக்கும் நிக்கும்ல."

மலை ஏறிய பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்புவதில்லை. அது எனக்கும் தெரியும்.

"இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"அவ சொல்ல வேணாம்னா சார். நீங்க வீட்டுக்கு வந்து அவுகப்பாவச் சத்தம் போட்டு வஞ்சுட்டா, அவரு சொன்ன அந்த வார்த்தையையும் மாத்திருவாருன்னா." சற்று நிறுத்தினான். "நாளைக்கு விடிய ஜீப்பு சார்."

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டேன். கட்டாயக் கல்விச் சட்டம், பெண் கல்வியின் பயன், அரசின் உதவித்தொகை ஆகியவற்றை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். மாயன் கூடவே வந்தான். தெரு முனையில் நின்று, "சார், கோவிச்சுக்கக் கூடாது" என்றான். "அங்கன போயிப் படிப்பப் பத்திப் பேசாதீக. வெள்ளாமயப் பத்திப் பேசுங்க."

நான் அதைக் கேட்டிருக்கவேண்டும். ஆனால் பழக்கம் வலியது. சுருளியாண்டி கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். கங்காணி அண்ணன் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே துணி மூட்டை கட்டியிருந்தது தெரிந்தது. பேச்சி அதன் பக்கத்தில் நின்றாள். நான் படிப்பைப் பற்றியே தொடங்கினேன்.

கங்காணி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "படிச்சுக் கலெக்டராகப் போறாளாக்கும்" என்றார். "வாத்தியாரய்யா, ஒங்க மேல எங்களுக்கு வருத்தமில்ல. கீர அறுத்தாச்சு. ஆபீசரும் பாத்துட்டுப் போயிட்டாக. சொன்ன வாக்குப்படி நாங்களும் பொறுத்துட்டம்."

சுருளியாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் இருந்த வாதங்கள் தீர்ந்துவிட்டன. சட்டத்தைச் சொல்லி மிரட்டுவது ஒன்றுதான் மீதமிருந்தது. மிரட்டியிருந்தால் அன்றைக்கு வென்றிருக்கவும் கூடும். ஆனால் மறுநாள் விடிகாலையில் ஜீப் புறப்படும்போது நான் அங்கே நிற்கப்போவதில்லை. அந்த வீட்டில் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தாம். மாயன் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளாமை இன்னும் முடியவில்லை" என்றேன்.

கங்காணி சிரித்தார். "எங்கன முடியல? பாத்தி மொட்டையாக் கெடக்குன்னு ஊரே சொல்லுது."

"விதை எடுக்கவில்லை. இரண்டு தண்டு விதைக்கு நிற்கிறது."

சுருளியாண்டி தலையை நிமிர்த்தினார். "வெதைக்கு விட்டிருக்கா?"

"விட்டிருக்கிறாள்" என்றேன். அதைப் பிடுங்கச் சொன்னவன் நான் என்பதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும். இப்போது சொல்லிவிட்டேன்.

"ரெண்டு தண்டெல்லாம் ஒரு வெள்ளாமையாடா?" என்றார் கங்காணி, தம்பியைப் பார்த்து.

"வெதைக்கு நிக்கிறத விட்டுட்டு எப்பிடிண்ணே போறது?"

"ஏலே, கீரடா அது."

"கீரன்னாலும் வெத வெததானண்ணே."

வாருங்கள், பார்த்துவிடுவோம் என்று எழுந்தது கங்காணிதான். எல்லோரும் பள்ளிக்கு நடந்தோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. பஞ்சாரத்தைச் சுருளியாண்டி தன் கையாலேயே தூக்கி வைத்தார். தண்டுகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு தண்டை அடியில் பிடித்து லேசாக அசைத்துப் பார்த்தார். நான் பார்த்த எந்தத் தேர்வாளரும் ஒரு விடைத்தாளை அத்தனை கவனத்தோடு பார்த்ததில்லை.

"இன்னும் பூக்கவே இல்லையே" என்றார் கடைசியில். "பூத்து, கருது முத்தி, வெத உதிர இன்னும் அம்பது அறுவது நாளு ஆகும்." பிறகு மொட்டைப் பாத்தியில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். அவர் முகம் மாறியது. "இம்புட்டு நல்ல மண்ணச் சும்மாவா போட்டு வச்சிருக்கீக? ஆடி இன்னும் போகலையே. ஊடால தொவர ஊனுங்க சார்."

பிள்ளைகள் போட்டிருந்த திட்டம் அதுவே. நான் செருப்பு நுனியால் அழித்ததும் அதையே.

மாயன் என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் முயன்றான்.

"தொவரயா? அப்ப தை வரைக்கும் இவ வரமாட்டாளா?" என்றார் கங்காணி.

"வெள்ளாம முடியட்டும்ண்ணே" என்றார் சுருளியாண்டி. குரலை உயர்த்தவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. மகளை மட்டும் ஒருமுறை பார்த்தார். அண்ணனுக்குச் சொல்ல ஒரு பதில் அவருக்கும் தேவைப்பட்டிருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பதிலைப் பயிரிட்டவர்கள் பிள்ளைகள். அதை அறுக்கச் செய்தவன் நான்.

மறுநாள் ஜீப் போயிற்று. பேச்சி முதல் மணிக்கு முன்பே வந்து துவரை ஊன்றினாள். தையில் துவரை முடிவதற்குள் அதன் நடுவே வேறொன்று முளைத்திருந்தது. எட்டாம் வகுப்பு முடியும்வரை மூன்றாம் பாத்தி ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை. அடுத்து அவள் உத்தமபாளையத்தில் உயர்நிலைப் பள்ளிக்குப் போனாள். அங்கே தோட்டம் இல்லை. அதற்குள் மலைக்கு அனுப்புவது பற்றி வீட்டில் கேட்பாரும் இல்லை.

அதன் பின்னர் பிள்ளைகள் போட்ட திட்டத்தில் எனக்குப் புரியாத கோடு ஒன்று இருந்தால், அழிப்பதற்கு முன் உட்கார்ந்து கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பல சமயம் அக்கோட்டுக்குப் பொருள் எதுவும் இருக்காது. மண்ணில் குச்சி வழுக்கியிருக்கும், அவ்வளவே. ஆயினும் கேட்டேன்.

சென்ற ஐப்பசியில் என் மனைவி காலமானார். இதை எழுதுவதில் இத்தனை தாமதம் நேர்ந்ததற்கு அதுவே காரணம், பொறுத்துக்கொள்ளுங்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பின்கட்டில் சமையல் ஏற்பாடாயிற்று. அடுப்பு வெட்டுவதற்காக, அவர் போட்டிருந்த கீரைப் பாத்தியைச் சமையற்காரர்கள் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் கூடத்தில், வந்தவர்கள் நடுவே உட்கார்ந்திருந்தேன். சன்னல் வழியே அது தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; அதற்கு ஒரு காரணம் சொல்லவேண்டியிருக்கும்.

பேச்சியம்மாள் வந்திருந்தாள். இப்போது கம்பத்துக்கு அருகே ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறாள். பெண்களோடு உட்கார்ந்திருந்தவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

"அண்ணே, அந்த மூலையில ரெண்டு தண்ட விட்டுருங்க."

"அடுப்புச் சூடு அடிக்குமேம்மா. கருகிப் போகும்."

"அடுப்ப அங்கிட்டுத் தள்ளி வெட்டுங்க. இங்கன ஏன் வெட்டுறீக?"

பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு பஞ்சாரம் வாங்கிவந்து தண்டுகளின் மேல் கவிழ்த்தாள். விறகு கொண்டுவந்த ஒருவர், அதென்ன கூடை, காலில் இடறுகிறதே என்று கேட்டார்.

"அடக்கோழிண்ணே" என்றாள். "தெறந்தா கொத்தும்."

அவள் சன்னல் பக்கம் திரும்பவில்லை. விடைபெறும்போதும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 

மார்கழி முழுவதும் அந்த இரண்டு தண்டுக்கும் நான்தான் தண்ணீர் ஊற்றினேன். ஆளுக்கு இரண்டு குடம் என்பது பழைய விதி. என் கைக்கு இப்போது ஒரு சொம்புதான் முடிகிறது. தையில் கதிர் பழுத்து உலர்ந்தது. முறத்தில் கசக்கிப் புடைத்தேன். கறுத்து, பளபளவென்று, எள்ளினும் சிறிய விதைகள். இரண்டு தண்டில் இவ்வளவு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தோட்டம் எப்படித் தொடங்குவது என்றுதானே கேட்டிருந்தீர்கள். விதை இருக்கிறது. சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துப் போகலாம்.